கருப்பு பனியனில் வெள்ளைப் பொடி

டாக்டர் என் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொரியாசிஸ்" என்றார். சொறியாதே என்று கண்டிக்கிறார் போல என நினைத்து, "இல்லீங்க டாக்டர், நான் சொறியறதே இல்லீங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இது யாருக்கும் ஒட்டாது, ஆனால் லேசில் போகவும் போகாது என்று சொல்லி அனுப்பினார்.

நான் சொன்னது பொய்தான். சோளத்தட்டுச் சுணை உடம்பெல்லாம் அப்பின மாதிரி அரிக்கும். சொறிந்தால் ஒரு நிமிடம் சுகம். அப்புறம் எரிச்சல், வெள்ளையாகப் பொடி உதிரும்.

அது இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த உருப்படியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் அரிப்பு கொஞ்சம் தணியும். ஆனால் எண்ணெய்க் கை பட்டால் துணி போச்சு. அதனால் வேலை முடிகிறவரை வறண்ட தோலோடுதான் இருப்பேன். தாங்க முடியாதபோது உள்ளங்கையால் அழுத்திக்கொள்வேன்.

ஒரு நாள் கருப்பு பனியன் லாட் வந்தது. மத்தியானம் சூப்பர்வைசர் தம்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மேலெல்லாம் வெள்ளைத் துணுக்கு.

"ஏனுங்க்கா, இது உங்க கையில இருந்து கொட்டுனதுங்களா?"

எதிரே இருந்த தூத்துக்குடிக்காரப் பெண், "எக்கா பவுடர் டப்பாவையே கவுத்திட்டாவ போல" என்றாள். மேசையே சிரித்தது.

"நாளைக்கிருந்து செக்கிங் வேண்டாமுங்க்கா. மூட்டை கட்டற பக்கம் போயிருங்க."

அந்த நேரம் பார்த்து இரண்டு முழங்கையும் பிடுங்கி எடுத்தது. வெட்கப்பட்டாலே எனக்கு அரிப்பு கூடும். பத்துப் பேர் பார்க்கிறார்கள். கையை மடியை விட்டு எடுக்கவில்லை. அந்தக் கம்பெனியில் அதுவரை 'சரிங்க' தவிர நான் வேறு பேசியதில்லை.

"அதை ஊதிப் பாருங்க" என்றேன்.

"என்னங்க?"

"ஊதுங்க தம்பி. எம்பட பொடியா இருந்தாப் பறந்துரும். தெனமும் பாயை ஊதித்தானுங்க சுருட்டறேன். பஞ்சா இருந்தா ஒட்டிக்கிட்டு நிக்கும்."

ஊதினார். ஒன்றுகூட அசையவில்லை. நகத்தால் கிள்ளி இழுத்தார். இழையாக நீண்டு வந்தது. மெஷின் பக்கம் போய்க் கேட்டால், காலையில் வெள்ளை லாட் ஓட்டிய தையல் மெஷினில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைக்காமலே கருப்பை ஓட்டியிருக்கிறார்கள்.

"எக்கா, ஒங்களுக்குப் பேசவும் வருமா!" என்றாள் தூத்துக்குடிக்காரி.

சூப்பர்வைசர் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் மொத்தக் குவியலையும் என் பக்கம் தள்ளினார். "இதை நீங்களே பாருங்க்கா. உங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியுது."

பார்த்தேன். ஒவ்வொன்றாக விரித்து, பஞ்சு இருந்ததை ஒதுக்கி, சாயங்காலம் வரை ஒரு தடவைகூடச் சொறியாமல் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அதில் எனக்குப் பெருமைதான். நடுவில் என் பொடியும் ஒன்றிரண்டு விழத்தான் செய்தது. ஊதிவிட்டேன்.