கறுப்புக் கோடு போட்ட தேக்குத் துண்டு

மற்ற வீடுகளில் வெளிநாட்டுப் பெட்டியைத் திறந்தால் செண்டும் சோப்பும் மணக்கும். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் பெட்டியைத் திறந்தால் பழைய தோல் செருப்பும் எண்ணெயும் கலந்தது போன்ற தேக்குத் தூள் வாசம்தான் முகத்தில் அடிக்கும். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். கடை, ஓட்டல், டிரைவர் வேலை என்றால் எல்லோருக்கும் புரியும். என் அத்தாவோ ஷார்ஜாவில் பழைய பாய்மரப் படகுகளின் மேல்தளத்தில் இற்றுப்போன தேக்குப் பலகைகளைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்கிறவர். "கடலே இல்லாத ஊருக்காரன் கப்பலுக்குத் தரை போடுறானாம்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று அப்போதே நினைத்தேன்.

ஒரு விடுமுறையில் அவர் எனக்குக் கொண்டுவந்தது ஒரு முழத் துண்டு: பக்கம் பக்கமாக மூன்று தேக்கு "ரீப்பர்" சட்டங்கள், அவற்றின் இடையே இரண்டு கறுப்புக் கோடுகள். பலகைகளுக்கு நடுவே விடும் பள்ளத்தில் தண்ணீர் இறங்காதபடி கறுப்பு ரப்பர் பசை நிரப்புவதை அத்தா "கோடு ஊத்துறது" என்பார். அதில் அவர் கைக்குப் பட்டறையில் தனி மரியாதை. எழுதப் படிக்க மட்டும் தெரியாது; எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருக்குமே தெரியாது.

நான் பத்தாவது பரீட்சை எழுதி முடித்த கோடையில், அத்தாவின் அண்ணனான பெரியத்தா, "பொட்டப் புள்ளைக்கு இது போதும்மா, தையல் மிஷின்ல உக்கார வை" என்று அம்மாவிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டில் அவர் சொல்தான் சட்டம். அத்தா ஒருவர்தான் "படிக்கட்டும்ண்ணே" என்று போனிலேயே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பெரியத்தா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தாவின் வீடியோ கால் வந்தது. முகம் செத்துப்போயிருந்தது. ஒரு பழைய படகுக்கு மேல்தளம் முழுவதையும் மாற்றியிருந்தார். ஊற்றிய கோடுகள் பத்தே நாளில் விளிம்பை விட்டுப் பிய்ந்து எழும்பிவிட்டன. வந்திருந்தது புதுக் கம்பெனிப் பசை. ஆனால் ஃபோர்மேனோ, உன் கை கெட்டுப்போய்விட்டது, விசாவை முடித்து ஊருக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"வந்துரட்டும். அப்புறம் இவ படிப்பு எங்கேர்ந்து?" என்றார் பெரியத்தா, சோற்றைப் பிசைந்தபடியே.

நான் போனைப் பிடுங்கினேன். "அத்தா, அந்தப் பசை ட்யூபைக் காட்டுங்க."

"அதுல எல்லாம் இங்கிலீசு, புள்ள."

"அதான் கேக்குறேன். மெதுவாத் திருப்புங்க."

பொடி எழுத்து, ஆடுகிற படம். ஒவ்வொரு வார்த்தையாக நோட்டில் எழுதி, பள்ளிக்கூடத்தில் பரிசாகத் தந்த அகராதியைப் புரட்டினேன். "மேடம் கப்பலையே தூக்கி நிறுத்திருவாங்க போல" என்றார் பெரியத்தா. நான் நிமிரவில்லை. இரண்டு பக்கம் மட்டுமே ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டாதபடி டேப் போடவும் என்றிருந்தது. எதன் அடி? கட்டிலுக்குக் கீழே கிடந்த தேக்குத் துண்டை இழுத்து வைத்துப் பார்த்த பிறகுதான் பள்ளத்தின் அடி என்று தெரிந்தது. வாசித்துச் சொன்னேன்.

அத்தா ட்யூபை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அட, ஆமா! வெயில்ல மரம் சுருங்கி விரியும்ல? ரப்பரு ரெண்டு பக்கம் மட்டும் புடிச்சா இழுபடும். அடியிலயும் புடிச்சுக்கிட்டா எப்புடி இழுபடும்? பிய்யத்தான் செய்யும். பழைய பசை இதெல்லாம் கேட்டதில்லயே!"

படித்தது நான், புரிந்துகொண்டது அவர். ஃபோர்மேனிடம் ஓர் ஆள் நீளத் தளம் மட்டும் கேட்டு வாங்கி, டேப் போட்டு மறுபடி ஊற்றி வெயிலில் விட்டார். பதினைந்து நாள் கழித்தும் கோடு அசையவில்லை, விசாவை முடிக்கும் பேச்சும் நின்றது. யார் சொன்னது என்று கேட்ட ஃபோர்மேனிடம், "எம் மவ" என்றாராம்.

அதற்கடுத்து வந்த வெள்ளிக்கிழமை போனில் அத்தாவின் தோளுக்குப் பின்னால் பட்டறை ஆட்கள் நாலு பேர் பெயிண்ட் டப்பாவும் மாத்திரை அட்டையுமாக நின்றார்கள். "டீச்சரம்மா, இதையும் கொஞ்சம் படிங்க!" பெரியத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். தையல் மிஷின் பேச்சை அவர் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். "பெரியத்தா, ப்ளஸ் ஒன் சேரணும். அத்தாவுக்குப் பதிலா நீங்க வந்து கைநாட்டு வைக்கிறீங்களா?" வந்தார், வைத்தார்.

இன்று அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் மேசையில் அந்தத் துண்டு இருக்கிறது, வாசம் போய்விட்டது. அந்தப் படகு கைமாறிவிட்டதாம், பட்டறையையும் மூடிவிட்டார்கள், அத்தா ஊரோடு வந்துவிட்டார். போன மாதம் பெரியத்தா தன் பேத்தியைக் காலேஜில் சேர்க்கப் பெரம்பலூருக்குப் போன பஸ்ஸில் நானும் இருந்தேன். "நம்ம வூட்டுல பொட்டப் புள்ளைங்க படிப்ப எவன் தடுத்தான்?" என்று கண்டக்டர் காதில் விழும்படி சொன்னார்.

"நீங்கதான் பெரியத்தா."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னீங்க."

அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. தேக்கின் வாசம் போனால் போகட்டும். அவர் மறந்த இந்த ஒன்றைப் போகவிட மாட்டேன் என்றுதான் எழுதி வைக்கிறேன்.