டெமராராவிலிருந்து கொண்டுவந்த முடி

கல்கத்தா துறைமுகத்தில் சணல் கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றின் மேல் எழுதியிருந்த ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது: ஜார்ஜ்டவுன், டெமராரா. எங்கள் ஊருக்கு அடுத்த கனகம்மாசத்திரத்துப் பக்கம் ஆள் பிடிக்கிறவர்கள் வந்து, கரும்புத் தோட்ட வேலைக்கென்று அந்தச் சீமைக்குத்தான் கப்பலேற்றினார்கள் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். போனவர்களின் வம்சம் யாராவது இருப்பார்களா? சரக்குக் கப்பலில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அன்று மாலையே கேப்டனிடம் போய், அங்கே கப்பல் நிற்கும்போது மூன்று நாள் லீவு வேண்டும் என்றேன். "கப்பல் முதலில் கிளம்பட்டும்" என்றார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ஏழாவது வாரத்தில் கடல் பழுப்பாகி, தென் அமெரிக்காவின் வடகரை தெரிந்தது. நம் பக்கத்தில் டெமராரா என்கிற பிரிட்டிஷ் கயானா.

முதல் நாள். ஜார்ஜ்டவுன் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற நகரம். கால்வாயும் மதகும் நீண்ட கடற்சுவரும் இல்லாவிட்டால் அலை தெருவுக்கு வந்துவிடும். டச்சுக்காரர் காலத்தில் அடிமைகள் வெட்டிய கால்வாய்கள். பெரிய தேவாலயம் நூற்று நாற்பது அடி உயரம், முழுக்க மரம். நம்பாமல் தூணைத் தட்டிப் பார்த்தேன். மணிக்கூண்டு வைத்த சந்தையோ முழுக்க இரும்பு. நடுவில் சில தெருக்கள் வெறும் மனையாகக் கிடந்தன, முந்தின வருஷத்துத் தீயில் போனவை.

இரண்டாம் நாள். காலை ரயிலில் கிழக்கே சுமார் அறுபது மைல், பிறகு படகில் பெர்பிஸ் ஆறு. ஒரு காலத்தில் இந்த ஆற்றங்கரையில் அடிமைகள் எழுந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் நாட்டையே பிடித்து வைத்திருந்தார்களாம். படகில் கூட வந்து இதைச் சொன்ன கறுப்பு ஆசிரியர், சொல்லும்போது கழற்றிய தொப்பியைக் கரை சேரும்வரை திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கரும்புத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் பஸ் இறக்கிவிட்டது. தமிழ் பேசுகிறவர் என்று வீராசாமியைக் காட்டினார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்.

"எந்த ஊரு நைனா?"

"திருத்தணிங்க."

அவர் தலைப்பாகையை அவிழ்த்தார். சடை பிடித்த முடி இடுப்புக்குக் கீழே விழுந்தது.

"பொறந்ததுல இருந்து இதோட மல்லுக்கட்டிகினு இருக்கறேன்" என்றாள் அவர் மகள் லச்சுமி. "தோட்டத்துத் துரை இவரைப் பார்த்துட்டு, 'அந்தப் பொம்பள எங்க போறா'ன்னு கேப்பான்."

வீராசாமி சிரிக்கவில்லை. அவர் அப்பா வந்த கப்பலில் தினம் ஒரு பிணம் கடலில் விழுந்ததாம். உயிரோடு கரையேறினால் மூத்த பிள்ளையின் முடி தணிகை முருகனுக்கு என்று வேண்டிக்கொண்டாராம். திரும்பிப் போக வழியே கிடைக்கவில்லை.

"நான் இனிமே போயி சேர மாட்டேன். முடியாச்சும் போவட்டும். எடுத்துகினு போறியா?"

"தாராளமா தாத்தா."

"கோயில்ல வாங்கிப்பாங்களா?" என்று லச்சுமி என்னைப் பார்த்தாள்.

"ஆங், வாங்கிப்பாங்க" என்று அடித்துச் சொன்னேன். எனக்குத் தெரியாது.

அவள் கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். வேலை முடிய வெகுநேரம் ஆயிற்று. அவர் பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆனதும் ஒரு வரி எழுது நைனா. அதுவரிக்கும் நான் சாவறதா இல்ல."

ஊர் திரும்பி, மலையடிவாரத்துச் சரவணப் பொய்கைக் கரையில் முடி இறக்கும் நாவிதரிடம் மூட்டையைப் பிரித்தேன்.

"தலை எங்க?"

"டெமராராவில் இருக்குதுங்க."

"இது பார்சல் ஆபீசா? ஆளு ஒக்காரணும், தண்ணில முங்கணும். இல்லன்னா இது வெறும் மயிரு. கட்டி எடுத்துகினு போ."

பக்கத்துப் பொதட்டூர்பேட்டையிலிருந்து காலையில் வருகிறவர்கள் முடி இறக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு பகல் வேலை. அது கிடைக்காமல் ஒருவர் எழுபது வருஷம் சுமந்ததை, யோசிக்காமல் சொன்ன ஒரு சொல்லால் நான் அறுக்க வைத்துவிட்டேன். ஒட்டவைக்க முடியாது. பொய்கையில் போட்டுவிட்டு 'ஆயிற்று' என்று எழுதிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை.

வரும் கிருத்திகையன்று அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மொட்டையடிக்க என் தலையைக் கொடுக்கப் போகிறேன். முங்கும்போது வீராசாமியின் பெயரைச் சொல்வேன். இது செல்லுமா என்று நாவிதரை இன்னும் கேட்கவில்லை. அவர் மறுத்தால் மூட்டையோடு படியேறி அர்ச்சகரைக் கேட்பேன். பெர்பிஸுக்குக் கடிதம் அதற்குப் பிறகுதான்.