மடைக்கருப்பின் மடையைக் கண்ட கபூர் பாய்

கபூர் பாய் போய்விட்டார்.

நேற்று காலை ஹார்ட் அட்டாக். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரே வரியில் போட்டிருந்தார்கள்... மூன்று முறை படித்தேன்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. சர்வே பிரிவில் செயின்மேன். நிலம் அளக்கும்போது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கிறவர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வீடு கோரிப்பாளையம்.

நான் வாடிப்பட்டிப் பக்கம் ஆர்.ஐ.யாக, அதாவது வருவாய் ஆய்வாளராக இருந்த சமயம். ஒரு சித்திரை மாதம். பிளாட் போடுகிறவர்கள் ஒரு வண்டிப்பாதையை மேடாக்கி ரோடு போட அனுமதி கேட்டிருந்தார்கள். குறுக்கே நீர்வழி ஏதும் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டியது என் வேலை.

மேப்பில் வண்டிப்பாதை. நேரில் போனாலும் வண்டிப்பாதை. புழுதி கணுக்கால் வரை.

பாதையோரம் ஒரு சின்னக் கோயில். மடைக்கருப்பு. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன், பூசாரி கொடுத்த திருநீற்றைப் பூசினேன், அந்த நிழலிலேயே உட்கார்ந்து, "நீர்வழி ஏதும் இல்லை" என்று எழுதினேன்.

கபூர் பாய் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே கோயிலைப் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்தார்.

"மேடம், கையெழுத்து மட்டும் இப்பப் போடாதீங்க."

"ஏன் பாய்?"

அவர் பூசாரியிடம் திரும்பினார். "அண்ணே, மடைக்கருப்புங்கிறீகளே... மடை எங்கண்ணே?"

"அது யாருக்குய்யா தெரியும்? எங்க தாத்தா காலத்துலயிருந்து பேரு அப்படித்தான்."

"மடையில்லாத எடத்துல மடைக்கருப்புக்கு என்னண்ணே வேலை?"

பூசாரி முறைத்தார். "ஏம் பாய், எங்க சாமிய அளக்க வந்திருக்கீகளாக்கும்?"

"நிலத்தத்தான் அளக்க வந்தேன். சாமியும் நிலத்துலதானே நிக்கிறாரு?"

பூசாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை... ஐந்து நிமிடம் முன்னால்தான் அந்தச் சாமியைக் கும்பிட்டிருக்கிறேன். எதைக் காவல் காக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை.

பாய் பாதையிலேயே குனிந்து குனிந்து நடந்தார். கருவேலம் புதரில், முழங்கால் உயரத்தில் சிக்கியிருந்த காய்ந்த வைக்கோலைக் காட்டினார். எல்லாப் புதரிலும் அதே உயரம். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து...

"காத்துல வந்ததுன்னா அங்கிட்டும் இங்கிட்டும் கெடக்கும் மேடம். இது எப்பவோ ஒரு பெருமழைக்குத் தண்ணி கொண்டாந்து வச்சது."

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, எங்கள் கடப்பாரையைத் தானே வாங்கினார். கோயிலுக்குப் பின்னால் பாய் கைகாட்டிய மேட்டில் இரண்டடி தோண்டியதும் டங் என்றது. மண்ணைத் தள்ளத் தள்ள ஒரு கல்... நடுவில் வட்டமாக ஒரு துளை. தண்ணீரைத் திறந்துவிடுகிற மடைக்கல். எந்தக் காலத்துக் கைகளோ செதுக்கியது.

பூசாரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டு நாளா இதுக்கு மேல நின்னுக்கிட்டுத்தான் பொங்கல் வச்சோமா!"

நான் எழுதின தாளைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். ரோடு போடுகிற அனுமதி நின்றுபோனது.

அந்த ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை பாய் போன் செய்தார். "மேடம், ஒடனே வாங்க. நான் பாதையிலதான் நிக்கிறேன்."

போனேன். தண்ணீர் அப்போதுதான் அந்தப் பாதை வழியே வந்துகொண்டிருந்தது. ஓடி வரவில்லை... நுரையையும் சருகையும் எறும்புகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வழி தெரிந்தவர் போல மெதுவாக நடந்து வந்தது. கோயிலைத் தொட்டது. வளைந்தது. கீழ்ப்பக்கம் இருந்த கண்மாயைப் பார்த்துப் போனது.

மேப் மறந்த வழி, ஊர் மறந்த வழி. தண்ணீர் மறக்கவில்லை.

பாய் குடையைச் சாய்த்துவிட்டு நனைந்துகொண்டே, இறைவனை வியந்து, "சுபஹானல்லாஹ்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த குடியரசு தினத்தில் எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். நீர்வழியைக் கண்டறிந்து காத்ததற்காக.

அறிக்கையில் பாய் பெயரைச் சேர்க்கலாமா என்று முன்பே மேலதிகாரியிடம் கேட்டேன். "செயின்மேன் பேரெல்லாம் ரிப்போர்ட்ல வராதும்மா" என்றார். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். பிறகு பேசாமல் இருந்துவிட்டேன். மேடையில் வாங்கும்போதும்.

கடைசி வரிசையில் நின்று ஓங்கிக் கைதட்டியவர் அவர்தான். கீழே இறங்கியதும், "மேடம், கருப்பசாமிக்கு ஒரு ஜெராக்ஸ் குடுத்துருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

இன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அந்த மேடம்? நீங்க ஒரு பெரிய தண்ணி வழியக் கண்டுபிடிச்சீகன்னு புள்ளைககிட்ட அம்புட்டுப் பெருமையாச் சொல்லுவாக."

நான் கண்டுபிடித்தேன் என்றா சொல்லியிருக்கிறார்...

"இல்லம்மா. அவருதான்" என்றேன். பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். அவர் மனைவி அழுதபடியே, "இந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

அறிக்கையில் விடுபட்ட வரியை இங்கே எழுதுகிறேன்:

நீர்வழியைக் கண்டறிந்தவர் அப்துல் கபூர், செயின்மேன்.

சலாம், பாய்.