வெர்னா மாட்டிய ஒற்றைப் பல்

யூரே என்ற எங்கள் மலையூரில் பனிச்சுவர் ஏறுகிறவர்களில் வெர்னா ஸ்ட்ரவுடிடம் திட்டு வாங்காதவர் யாருமில்லை. இருபது வருடமாக, நானும் வேலை பார்க்கும் கடையில் கிராம்பான் விற்கிறாள். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அந்த இரும்புப் பற்கள் இல்லாமல் செங்குத்துப் பனியில் ஓரடிகூட வைக்க முடியாது. வாங்க வருகிறவர் தன் பூட்ஸையும் கொண்டுவர வேண்டும். வெர்னா கிராம்பானை அதில் பொருத்தி, குதிகால் பட்டையைப் பூட்டாமலே தலைகீழாகப் பிடித்து உலுக்குவாள். கழன்று விழுந்தால் விற்க மாட்டாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

பல் விஷயத்திலும் பிடிவாதம்தான், அவளுக்கு இரட்டைப் பல்தான் பல். முனையில் இரண்டு பற்கள் இருந்தால் பனியில் அசையாமல் நிற்கும். ஒற்றைப் பல் பாறையின் மெல்லிய வெடிப்பில்கூட நுழையும். பாறையும் பனியும் கலந்த இடங்களில் ஏறும் நான் ஒற்றைப் பல்காரன்.

"வந்துட்டாருய்யா மைனரு, பல்லுக் குத்துற குச்சிய மாட்டிக்கிட்டு" என்பாள்.

யார் காலையும் இன்னொருவர் கை சோதிக்க வேண்டும் என்பது அவள் சட்டம். அவள் காலை மட்டும் யாரும் தொடக்கூடாது. "என் பூட்ஸ நான் பாத்துக்குவேன், போடா ஆர்ச்சி" என்று முடித்துவிடுவாள். அர்ச்சுலெட்டா என்ற என் பெயரை முழுதாகக் கூப்பிட அவளுக்கு ஏது பொறுமை!

இந்தப் பிப்ரவரியில் அவளுடைய தேய்ந்த கணுக்காலை ஸ்க்ரூ போட்டு இறுக்க டாக்டர் நாள் குறித்தார். வியாழக்கிழமை. அதன்பிறகு நடக்கலாம், பனிச்சுவரை மறந்துவிடுங்கள் என்றாராம்.

"அதுக்கு முந்தின சனிக்கிழமை கஞ்சனுக்குப் போறோம்" என்றாள் வெர்னா.

கஞ்சன் ஒரு பாதையின் பெயர். கீழே இருபதடி பாறை, அதற்குமேல் வருடா வருடம் கொஞ்சமாகவே கட்டும் பனி. பதினொரு வருடத்துக்கு முன் அந்தப் பாறையில் வழுக்கி விழுந்துதான் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். பனி சரியில்லை என்று ஊரெல்லாம் சொன்னாள். பனிவரைக்கும் அவள் போகவே இல்லை என்பது கயிற்றைப் பிடித்திருந்த எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை நான் கயிற்றைப் பிரித்து முடிப்பதற்குள் மரத்துக்குப் பின்னால் போய்க் கிராம்பானை மாட்டிக்கொண்டு வந்து, முழங்கால் புதையும் பனியில் நின்றாள்.

"காலக் காட்டு, வெர்னா."

"உன் வேலையப் பாரு. கயித்தப் புடி."

நானும் விட்டுவிட்டேன். அவளோடு மல்லுக்கட்டச் சோம்பல். அது என் தப்புதான்.

பத்தடி ஏறி, பாறையில் அடித்திருந்த ஆணியில் கயிற்றைக் கோத்தாள். அடுத்த அடியில் இரும்பு கிறீச்சிட்டது.

"ஆர்ச்சி, இறுக்கிப் புடி. பல்லு ஆடுது."

மெதுவாக இறக்கினேன். பையின்மேல் உட்கார்ந்து காலை நீட்டினாள். பார்த்தால் ஒற்றைப் பல்!

"சிரிச்சுத் தொலை. சிரிச்சு முடிச்சிட்டு வா, பேசலாம்."

இருபது வருடக் கணக்கைத் தீர்க்க நாக்கு துடித்தது. அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் குனிந்து அந்தப் பல்லை அசைத்துப் பார்த்தேன்.

"எப்ப மாத்துன?"

"நேத்து, வீட்டுச் சமையல் மேசையில. கடையில செஞ்சா நீ பாத்துருவியே."

ஒற்றைப் பல்லை நடுவில் வைக்கும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம் சொருகி போல்ட்டை முடுக்க வேண்டும். வலது காலில் ஒரு வளையத்தைக் காணோம். ஊருக்கே மாட்டிக் கொடுத்தவள், தனக்கு மாட்டும்போது மறந்திருக்கிறாள்.

"கடைக்குப் போய் ஒரு வளையம் எடுத்துட்டு வந்துரலாமா?"

"பதினோரு மணிக்கு வெயில் வந்துரும். அப்புறம் மேல இருந்து பனி உருகிக் கொட்ட ஆரம்பிச்சிரும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி."

என் கிராம்பானும் அதே வகை. வளையத்தைக் கழற்றினேன்.

"நீ எப்படிடா பின்னால ஏறி வருவ?"

"நான் கீழயே நிக்கிறேன். எனக்கு அடுத்த வருஷம் இருக்கு."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. அவளுக்குக் கோபம் வரவில்லை.

"எனக்கு இன்னைக்கு இருக்கு. போல்ட்ட முடுக்கு."

முடுக்கினேன். பல்லை இழுத்துப் பார்த்தேன். பிறகு அவள் பூட்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். அவள் காலுறையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெடிப்பில் அந்தப் பல் நுழைந்து நின்றது. பாறையைத் தாண்டினாள், பனியைத் தொட்டாள். மேலே போய், "பனிமேல அநியாயமா பழியப் போட்டேன்டா!" என்று கத்தினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

இப்போது கட்டுப் போட்ட காலோடு கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று ஒரு பெண் தன் பூட்ஸோடு வந்து, இரட்டைப் பல்லா ஒற்றைப் பல்லா என்று கேட்டாள்.

"பாறையும் ஏறுவியாம்மா? அப்ப ஒத்தப் பல்லுதான். ஒண்ணு தெரிஞ்சுக்கோ, நான் வளையத்த விட்டுட்டு மாட்டி, பத்தடி உயரத்துல ஆடிக்கிட்டு நின்னேன்" என்றாள் வெர்னா, கடை முழுக்கக் கேட்கும்படி.

பிறகு கிராம்பானைப் பூட்ஸில் பொருத்தினாள். உலுக்கவில்லை. என் பக்கம் நீட்டினாள்.

"நீ பாரு, ஆர்ச்சி."