காற்றாடிக்குக் கீழே ஆறு நாற்காலி

மலேசியாவின் பத்து பகாட் நகரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் 2013 ஜனவரியிலிருந்து பொருளியல் சொல்லிக்கொடுப்பவர் யோகேஸ்வரி டீச்சர். இத்தனை ஆண்டில் முதல் பாடத்தன்று அவர் புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

2025இல் பதினாறு வயதுக்காரர்களின் படிவம் நான்கில் அந்தப் பாடத்துக்குப் பதிந்தவர்கள் பதினான்கு பேர். பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமைக்குள் பதினைந்தாவது பெயர் வராவிட்டால் வகுப்பையே மூடிவிடுவதாக அலுவலகம் சொல்லிவிட்டது. லோஷினி என்ற பெண் மட்டும், சும்மா பார்க்கிறேன் என்று, கையெழுத்துப் போடாத பதிவுப் பாரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

அதே வாரத் திங்கட்கிழமை முதல் பாடம். அறைக் கூரையில் இரண்டு மின்காற்றாடி, ஓடியது ஒன்று. அதன் கீழே ஆறு நாற்காலிதான். பிள்ளைகள் முட்டி மோதினார்கள்.

"அடிச்சிக்காதீங்க, விலை பேசுங்க," என்றார் டீச்சர். "காசு கிடையாது. இந்தத் தவணை முழுக்க, வாரத்துல எத்தனை நாள் ஸ்கூல் முடிஞ்சி விளக்குமாறு எடுத்து கிளாஸக் கூட்டுவீங்க?"

நான்கு நாள் என்று கத்தி, நட்டநடு நாற்காலியைப் பிடித்தாள் லோஷினி.

புதன்கிழமை பொங்கிக்கொண்டு வந்தாள். "கூட்டுறதுதான் விலைன்னீங்க டீச்சர். ரெண்டு நாளா என் பேட்மிண்டன் பயிற்சி போச்சே, அத ஏன் சொல்லல?"

"அலமாக்! காத்து வாங்கப் போயி ராக்கெட்ட விட்டுட்டா லா," என்றான் பின்வரிசை ஹாரூன்.

'சரி, விடும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் பெண் தங்கிவிடுவாள், வகுப்பும் பிழைக்கும். டீச்சருக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்லவில்லை.

"நீ விட்டுட்ட பாரு அந்தப் பயிற்சி, அதுதான் இந்த நாற்காலியோட உண்மையான செலவு. வாய்ப்புச் செலவுன்னு புத்தகத்துல இருக்கும். பேசின விலை பேசினதுதான்மா."

லோஷினி ஹாரூன் பக்கம் திரும்பினாள்.

"டேய், ஸ்கூல் முடிஞ்சி உனக்கென்ன வேல?"

"ஒண்ணுமில்ல. அத்தா கடைக்கு ஆறு மணிக்குத்தான் போவேன்."

"அப்ப நீ கூட்டு. நாற்காலிய எடுத்துக்க."

அவள் முடிப்பதற்குள் அவன் பையோடு வந்து உட்கார்ந்துவிட்டான்.

"இதுல யாருக்கு நட்டம்?" என்று கேட்டார் டீச்சர். வகுப்பு யோசித்துப் பார்த்தது. ஒருவருக்கும் இல்லை.

மீதி நேரமெல்லாம் லோஷினி புழுக்கத்தில் அந்தப் பாரத்தாலேயே விசிறிக்கொண்டு பாடம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை 7.25க்குப் பாரம் டீச்சர் மேசைக்கு வந்தது. விசிறி விசிறி மூலையெல்லாம் சுருண்டிருந்தது. அடியில் அவள் கையெழுத்து, பக்கத்தில் அப்பாவுடையது. டீச்சர் அதை உள்ளங்கையால் நீவி, மற்ற பதினான்கு பாரங்களுக்கு மேலே வைத்து, தானே அலுவலகத்துக்கு எடுத்துப்போனார்.