குசினிச் சுவரில் வந்த ரோதையார்

எனக்கு வயது எண்பத்திரண்டு. நான் பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுப் போனது ஒன்று, ஆக ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதற்காக யார் வாசலிலும் போய் நின்றதில்லை. பள்ளிக்கூடம் நான் கண்டது இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதுகிறேன், அதனால் மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது வாசிக்கட்டும்.

எங்கள் வீட்டில் கிழவர் முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் ஒரு படக்கதை வீரன்மேல் உயிராக இருந்தோம். ஒவ்வொருவரும் அவரைக் கண்டுகொண்டது ஒவ்வொரு விதம். அதைத்தான் எழுத வந்தேன்.

பெல்மதுளையிலிருந்து ஓப்பநாயக்கப் பக்கம் ஏறிப்போகும் வழியில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். லயத்துக்கு, அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளின் சுவருக்கு, சுண்ணாம்பு தருவது எப்போதோ ஒருமுறை. அதனால் தீபாவளிக்கு முன்னால் கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்து, பழைய பேப்பர், புத்தகத் தாள், காலண்டர் என்று கிடைத்ததை எல்லாம் ஒட்டி, புகை படிந்த சுவரை மறைப்போம். யார் வீட்டில் நல்ல படம் என்று பெண்களுக்குள் போட்டியே நடக்கும். என் சுவரைப் பார்க்க மேல் லயத்திலிருந்து ஆள் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அறுபத்தேழாக இருக்கலாம், அறுபத்தெட்டாகவும் இருக்கலாம். கடைசி மகள் அப்போது வயிற்றில். பெல்மதுளைக் கடையில் வாங்கிய கருவாட்டை ஒரு கலர்த் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் படம். ஒரு ஆள், உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பு, தலையும் முகமும் மூடியிருந்தன. நெஞ்சில் பல் வைத்த சக்கரம் ஒன்று. செங்கல் சுவர் ஒன்றிலிருந்து பாதி உடம்பு வெளியே வந்திருந்தது, மீதிப் பாதி சுவருக்குள் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. கருமணி இல்லை.

கலர்ப் படம் ஆயிற்றே என்று குசினியில் அடுப்புக்கு நேரே ஒட்டினேன். மறுநாள் சம்பலுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போல இருந்தது. திரும்பினேன், அவர்தான். ஒட்டியபோது படத்திலிருந்த செங்கல் சுவரிலிருந்து வந்துகொண்டிருந்தவர், இப்போது எங்கள் சுவரிலிருந்தே வருவது போலத் தெரிந்தார். கருமணி இல்லாத கண் எப்படிப் பார்க்கும்? ஆனால் பார்த்தார். நான் அவரைக் கண்டுகொண்டது அப்படி. நாள் போகப் போகப் புகையில் எல்லாத் தாளும் பழுப்பாகி, அவரும் கறுத்தார். அந்த இரண்டு வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்துக் கண்டது என் மாமா, வீட்டுக்காரரின் அப்பா. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்தை உருட்டும் ரோலரில் வேலை செய்து ஓய்ந்தவர். வலது கையில் இரண்டு விரலை எந்திரம் எடுத்திருந்தது. குசினிக்குள் தேநீர் கேட்டு வந்தவர் சுவரைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"இவரு எப்ப புள்ள வந்தாரு?"

"யாரு மாமா?"

"நம்ம ரோதையாருதான்."

ரோதை என்றால் ஸ்டோரின் பெரிய எந்திரச் சக்கரம். அதற்குள் ஒரு முனி இருக்கிறது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக எந்திரத்தில் கை வைப்பவன் அதற்குச் சேவல் கொடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். தன் விரல் போன அன்று இதே ஆளைச் சக்கரத்துக்குப் பின்னால் பார்த்ததாக மாமா சொன்னார். கண்ணைப் பற்றியும் அவர்தான் சொன்னார். சிலை செய்தால் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், திறந்ததும் முதல் பார்வை மனிதன்மேல் விழக்கூடாது, ஒரு கண்ணாடியையோ ஒரு உயிரையோ முன்னால் காட்ட வேண்டும், இவர் இன்னும் கண் திறவாதவர், அப்படியே இருந்தால் நமக்கு நல்லது என்றார். அன்று முதல் வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தாளுக்குக் கற்பூரம்.

மூத்த மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்குச் சிரிப்பு. ஓரத்தில் இருந்த எழுத்தை வாசித்துவிட்டுத் தாத்தாவிடம் போனான்.

"தாத்தா, இது சாமி இல்ல, கதை. இவரு கெட்டவங்கள அடிக்கிறவரு. சுவத்துக்குள்ள பூந்து வருவாரு."

"அதத்தான்டா நானும் சொல்றேன்."

"சாமின்னா கோயில்ல இருக்கணும்."

"இவருக்குச் சம்பளம் உண்டா?"

"இல்ல தாத்தா, சும்மாதான் செய்றாரு."

"சம்பளம் இல்லாம வேலை செஞ்சா சாமிதான்டா."

வாசலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "அப்ப நாங்களும் பாதிச் சாமிதான்" என்றார். அவர் இதையெல்லாம் நம்பாதவர். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. அவர் கண்டுகொண்ட விதம் அது. வாயால் சொன்னதில்லை.

மகனுக்கு அது பித்தாகவே ஆகிவிட்டது. பெல்மதுளைக்கு யார் போனாலும் கூடப் போவான். கடைக்காரர் இந்தியாவிலிருந்து வரும் பழைய தாள் கட்டைக் கிளறவிடுவார். அங்கொன்று இங்கொன்றாகச் சில தாள்கள் கிடைத்தன. ஒன்றில் மழையில் நிற்பார், ஒன்றில் ஒரு வீட்டுக் கூரைக்குக் கீழே சுவரோடு சுவராக நிற்பார். அட்டை மட்டும் கிடைக்கவே இல்லை. அவருடைய பெயர் என்ன, அந்தச் சக்கரம் எப்படி வந்தது என்பது தெரியவில்லை. கதையின் முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டால் போதும் என்பான். பெயர் தெரியாததால் அவனும் தாத்தா சொன்ன பெயரையே சொன்னான், ரோதையார் என்று.

கடைசி மகள் கண்டுகொண்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வயதில் அடுப்பு ஓரமாகப் பாயில் படுத்துக்கொண்டு சுவரோடு பேசுவாள். ஒரு மழை நாள் மத்தியானம் என்னிடம் வந்து, "அவரு இன்னும் பாதி உள்ளாறதான்மா இருக்காரு. காலு குளிருதாம்" என்றாள். அதட்டி அனுப்பினேன். ஆனால் அன்றைக்கு நெருப்புச் சட்டியை அந்தச் சுவர் பக்கமாகத் தள்ளிவைத்தேன். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

பிறகு பஞ்சம் வந்தது. ரொட்டி தட்டவே மாவு இல்லை, சுவருக்குப் பசை காய்ச்ச எங்கே போவது? பழைய தாளே கிடந்தது. கரப்பானுக்கும் அதே பஞ்சம்தான். பசை இருந்த இடமாகப் பார்த்துச் சுவரை அரித்தது.

அந்தப் பஞ்சத்தில்தான் மூத்தவனுக்குப் பதினாறு வயதில் ஸ்டோரில் பெயர் பதிந்தார்கள். ரோலரில் வேலை. சேவல் கொடுக்காமல் கை வைக்காதே என்று மாமா சொன்னார். மனிதனுக்கே கறி இல்லாத காலத்தில் படக்கதைக்குச் சேவலா என்று அவன் கேட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குத்தான் மாமாவின் வலது கையைப் பார்க்கும்போதெல்லாம் மகனுடைய விரல்கள் கண்ணில் வந்தன. அவன் கொண்டுவரும் சம்பளம் வேண்டும், அவன் கையும் முழுசாக வேண்டும். எனக்கு வேறு கவலை இல்லை.

முதல் நாள் காலை அவன் அடுப்பு முன்னால் குந்தி, சுவரைப் பார்த்தபடி தேநீர் குடித்துவிட்டுப் போனான். நான் கூடையை எடுத்துக் கொழுந்து பறிக்கப் புறப்படுகிறேன், பாயிலிருந்து சின்னவள் கூப்பிட்டாள்.

"அம்மா, ரோதையாரு கண்ணத் தொறந்துட்டாரு."

கதவை நன்றாகத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு வெள்ளைக்கும் நடுவில், கருமணி இருக்க வேண்டிய அதே இடத்தில், உருண்டையாக இரண்டு கறுப்பு. கரப்பான் தின்ற ஓட்டை. எனக்குத் தெரியும், கரப்பான் தெரியாத ஆளா நான்? ஆனால் வேறு ஒரு இடத்திலும் கடிக்காமல் அந்த இரண்டு இடத்தை மட்டும் ஏன் கடித்தது?

மாமா எழுந்து வந்து பார்த்தார். பெரியவன் இங்கே உட்கார்ந்துதானே தேநீர் குடித்தான் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் விரல் போன கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

தீபாவளிக்கென்று வைத்திருந்த கறுப்புச் சேவலைப் பிடித்து இடுக்கிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கினேன். மலைச் சரிவில் எங்கே நின்றாலும் ரோதைச் சத்தம் கேட்கும். பழகிப்போன சத்தம், காதில் விழாது. பாதி வழியில் அது நின்றது. வேலை நேரத்தில் எந்திரம் நின்றால் என்ன அர்த்தம் என்று தோட்டத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிச்ச வழியை எப்படி ஓடினேன் என்று தெரியாது. சேவல் மட்டும் ஒரு சத்தம் போடவில்லை.

உள்ளே போனால் மகன் நிற்கிறான். முதலில் கையைத்தான் பார்த்தேன். முழுசாக இருந்தது. பக்கத்தில் ரோலர்காரக் கிழவர், மாமாவோடு வேலை செய்தவர், சேவலையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரத்த நிப்பாட்டினது நீங்களா அண்ணே?" என்றேன்.

"நான் நிப்பாட்டல தாயி. அதுவா நின்னிச்சு."

மகனுக்கு வெட்கம். "ஆளுங்க பாக்குறாங்கம்மா, வீட்டுக்குப் போங்க" என்றான்.

"கண்ணு தொறந்திருக்குடா."

"அது கரப்பான் தின்ன ஓட்டையா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சத்தம் நின்றதைக் கேட்டு, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா வந்தார், சிங்களவர். "மொகத மே?" என்று, என்ன இது என்று கேட்டார். கிழவர் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். ஐயா சேவலைப் பார்த்தார், வெளியே போனார், சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்து ஓரமாக நின்றார்.

கிழவர் எங்களை எந்திரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். குங்குமம் பூசிய கல் ஒன்று. கல்லுக்கு மேலே சுவரில் எண்ணெயும் கற்பூரப் புகையும் ஏறிக் கறுத்த ஒரு தாள். மகன் கிட்டே போனான். எந்திரம் துடைக்கும் துணியை எடுத்து மெல்லத் துடைத்தான். பல் வைத்த சக்கரம் தெரிந்தது. அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். இத்தனை வருடம் தேடிய முதல் தாள் அதுதான்.

எழுத்து பாதிதான் மிஞ்சியிருந்தது. விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்தினான்.

"என்னாடா போட்டிருக்கு?" என்றார் கிழவர்.

"இவரும்... இவரும் ஸ்டோருல வேலை செஞ்சவருதான். சக்கரம் இழுத்துருச்சாம். பொதச்சிட்டாங்களாம். அடுத்த நாளு சுவத்துல இருந்து வந்தாராம்."

"அது இங்க எல்லாருக்கும் தெரியும். எழுத்து என்னா சொல்லுதுன்னு கேட்டேன்."

"எழுத்தும் அதையேதான் சொல்லுது" என்றான் மகன். தாளை யார் ஒட்டினார்கள் என்று கேட்டான். தான் வாலிபத்தில் வேலைக்கு வந்தபோதே அது அங்கே இருந்ததாகக் கிழவர் சொன்னார். அந்தக் காலத்தில் இப்படிப் புத்தகம் ஏது என்று மகன் பிறகு என்னிடம் கேட்டான். எனக்கு என்ன தெரியும்?

அவன் செருப்பைக் கழற்றினான். சேவலை அவனே பிடித்தான். அறுத்து முடித்ததும் எந்திரம் ஓடியது.

மனம் லேசாகி வீடு வந்தேன். சின்னவள் அதே பாயில் உட்கார்ந்திருந்தாள். இனிப் பயமில்லை, அண்ணனைப் பார்த்த கண்ணுக்குச் சேவல் கொடுத்தாயிற்று என்றேன்.

"அண்ணன பாக்கலம்மா. அண்ணன் டீ குடிக்கிறப்ப மூடித்தான் இருந்தாரு. அண்ணன் போனதும்தான் தொறந்தாரு. என்னத்தான் பாத்தாரு."

"நீ என்ன செஞ்ச?"

"சிரிச்சேன்."

வீட்டில் இரண்டாவது சேவல் இல்லை. நான் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, கண்ணாடிப் பக்கம் அவரைப் பார்க்க, அவர் முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டேன். எங்களுக்குத் தெரிந்தது அதன் முதுகுதான்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். மற்றப் பெண்பிள்ளைகள் வயது வந்ததும் கொழுந்துக்குப் போனார்கள். இவள் பெயரைத் தோட்டத்தில் பதியவிடவில்லை. ஸ்டோர் இருக்கும் பாதையிலேயே விடவில்லை, பள்ளிக்கூடத்துக்கு ஆற்றோரமாகச் சுற்றித்தான் போவாள். கணக்கப்பிள்ளை கேட்டார், கங்காணி கேட்டார், வீட்டுக்காரரும் ஒரு வருடம் சண்டை பிடித்தார். நான் அசையவில்லை. அவள் படித்து ஆசிரியை ஆனாள். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி, அந்தக் காலத்திலேயே படிப்பின் அருமை தெரிந்தவள் என்கிறார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூத்தவன் பத்து விரலோடும் வேலை செய்து இறங்கினான். கொழும்பிலும், இந்தியாவுக்குப் போனபோது அங்கேயும், பழைய புத்தகக் கடை எல்லாம் ஏறி விசாரித்தான். நெஞ்சில் சக்கரம் வைத்த வீரனை யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு கதை வந்ததே இல்லை என்று சொன்னார்களாம்.

எண்பத்துமூன்றில் நாங்கள் அந்த லயத்தை விட்டு வந்தோம். சட்டி பானை எல்லாம் கட்டிய பிறகு கண்ணாடியை எடுக்கக் கை நீட்டினேன். சின்னவள் என் கையைப் பிடித்தாள். அப்போது அவள் பெரிய பிள்ளை.

"எடுக்காதீங்கம்மா. இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தோம். அந்தக் காம்பராவில் பிறகு யார் குடிவந்தார்கள், அந்தக் கண்ணாடியை யார் எடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

எழுதி முடித்துவிட்டேன். இந்தா பேத்தி, இப்படி வெளிச்சத்தில் வந்து உட்காரு, முதலிலிருந்து வாசித்துக் காட்டு. பிழை இருந்தால் சிரிக்காதே. உன் அம்மாவை அவர் பார்த்த இடம் வரும்போது சத்தமாக வாசிக்க வேண்டாம், அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.