சிவப்பு லாக்கர்

போன வாரம் செம்பூர் வீட்டு பால்கனியில், பாகம் பாகமாக வாங்கி நானே செய்யும் எலெக்ட்ரிக் கிதாருக்கு லாக்கர் என்ற மெருகுச் சாயம் அடித்தேன். நெடி மூக்கில் ஏறியதும் நினைப்பில் சின்ன வயதுத் தாராவி வீட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே என் சித்தப்பா பழைய அலமாரிக் கதவை அறுத்துத் தனக்கொரு கிதார் செய்தார். கணபதி விழாக் கச்சேரிக்காகச் சிவப்பு லாக்கர் பூசி, இரும்புப் படிக்கட்டில் சாத்திக் காயவைத்திருந்தார். எனக்கு ஏழு வயது. பளபளப்பைப் பார்த்ததும் அதன்மேல் உள்ளங்கையை அழுத்திவிட்டேன்.

கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாடே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா வந்தார்.

“ஏட்டி, கையைக் காட்டு.”

காட்டியதும் அழுகை வந்துவிட்டது. அவர் சாயம் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து விரல் விரலாகத் துடைத்தார்.

“மறுபடி தேய்ச்சுப் பூச நாளில்ல. இருந்துட்டுப் போவுது.”

விழாவில் ஐந்து விரல் தடத்தோடுதான் வாசித்தார். கேட்டவர்களிடமெல்லாம், “எங்க அண்ணன் மவ போட்ட டிசைன்” என்றார். முன்வரிசையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நேற்று கம்பிகளை மாட்டியதும், இப்போது விக்ரோலியில் இருக்கும் அவருக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

“ரெண்டாவது கம்பி சுருதி எறங்கிக் கெடக்கு, ஏட்டி” என்றார். “ஏத்திட்டு இன்னொரு தடவ வாசி.”